காணாமல் போன ரிஷபம்

(பெங்களூர் ஜீவனஹள்ளியில் இசை ஆர்வலர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைப்பைப் பார்த்துவிட்டுக் கச்சேரி விமரிசனம் என்று நினைத்து வந்தவர்கள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று பேசப்போவது சட்டைப் பையில் அடங்கிவிடும் ஒரு வாத்தியத்தைப் பற்றி. மவுத் ஆர்கன் என்கிறோமே, அதில் ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பினத்தாரின் இசையை வாசிக்கக் கற்பது எப்படி, தொடக்கத்தில் எங்கே இடறும், ஏன் இடறும் என்பதுதான் பேச்சு. அதை நம் சங்கீதச் சொற்களிலேயே சொல்லப் பார்க்கிறேன். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்காவது சரளி வரிசை தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்கு சினிமாப் பாட்டு தெரியும். அது போதும்.

மவுத் ஆர்கன் என்றதும் பலருக்கு நினைவு வருவது 1975-இல் வந்த ‘ஷோலே’. அமிதாப் பச்சன் கீழே உட்கார்ந்து வாசிப்பார். ஜெயா பாதுரி மாடியில் விளக்கை அணைத்துக்கொண்டு வருவார். அந்தப் படத்தை எடுத்தது நமக்குப் பக்கத்தில், ராமநகரத்துப் பாறைகளில். திரைக்குப் பின்னால் வாசித்தவர் பானு குப்தா. இசையமைப்பாளர் ஆர்.டி. பர்மன் குழுவில் கிடாரும் வாசித்தவர். பர்மனே மவுத் ஆர்கனில் தேர்ந்த கை. 1964-இல் வந்த ‘தோஸ்தி’யில் ஒலிப்பது அவருடைய வாசிப்புதான். நம் நாட்டில் இந்த வாத்தியத்துக்கு ரசிகர்கள் சேர்ந்தது இந்த வழியில். நேரான மெட்டு, சுத்தமான சுரம், இனிமை. ப்ளூஸ் போகும் பாதை வேறு. அங்கே சுரம் ரொம்பச் சுத்தமாக இருந்தால், ‘என்னமோ குறைகிறதே’ என்பார்கள்.

முதலில் வாத்தியத்தைப் பிரித்துப் பார்ப்போம். ப்ளூஸுக்கு உரியது பத்துத் துளை மவுத் ஆர்கன், அதாவது ஹார்மோனிகா. ஒவ்வொரு துளைக்குள்ளும் இரண்டு பித்தளை ரீட்கள். ஒன்று ஊதும்போது பேசும், மற்றது மூச்சை உள்ளே இழுக்கும்போது பேசும். ஆக மொத்தம் 20 ரீட். ஜெர்மனியில் ட்ராசிங்கன் என்ற ஊரில் மத்தியாஸ் ஹோனர் 1857-இல் தொழிலைத் தொடங்கினார். இன்றைக்கும் விற்கிற ‘மரைன் பேண்ட்’ மாடல் 1896-இல் வந்தது. ஜெர்மானிய நாட்டுப்புறப் பாட்டுக்காகச் செய்த பொருள் அது. மலிவு என்பதால் அமெரிக்காவின் தென்பகுதியில் பருத்திக்காட்டுக் கறுப்பினத் தொழிலாளிகளின் கைக்கும் வந்து சேர்ந்தது. செய்தவர்கள் கனவிலும் நினைக்காத ஒன்றை அவர்கள் அதில் செய்தார்கள்.

கடைக்குப் போகும் முன் ஒரு எச்சரிக்கை. நம் ஊர்க் கடைகளில் நீளமாக, இரண்டு வரிசைத் துளைகளோடு, 24 என்று போட்டு ஒரு மவுத் ஆர்கன் கிடைக்கும். ‘டவர்’ என்ற சீனத் தயாரிப்பு ரொம்பப் பிரபலம். ட்ரெமலோ வகை. ஒரே சுரத்துக்கு இரண்டு ரீட். ஒன்றுக்கொன்று சற்றே விலகின சுருதி. அதனால் ஒரு நடுக்கத்தோடு ஒலிக்கும். பழைய சினிமாப் பாட்டுக்கு அழகாக இருக்கும். ஆனால் ஊதும் ரீட்டும் இழுக்கும் ரீட்டும் அதில் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. ப்ளூஸுக்கு அவை இரண்டும் ஒரே அறையில் இருந்தாக வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு இவ்வளவு போதும்: பத்துத் துளை, சி சுருதி, பிளாஸ்டிக் சட்டம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மரச் சட்டம் எச்சில் பட்டு ஊறினால் உப்பும்.

சி சுருதி என்றால் நம் கணக்கில் ஒரு கட்டை. ஊதிக்கொண்டே போனால் ச க ப, ச க ப, ச க ப, ச. இழுத்துக்கொண்டே போனால் ரி ப நி ரி ம த நி ரி ம த. (வாசித்துக் காட்டுகிறார்.) நாலாம் துளையிலிருந்து ஏழாம் துளை வரை ஊதியும் இழுத்தும் போனால் முழுச் சங்கராபரணம் கிடைக்கும். சினிமாப் பாட்டு வாசிப்பவர்கள் குடியிருப்பது அங்கேதான். முதல் நாலு துளையில் மட்டும் ஒரு குறை. ஊதினால் ச க ப ச, இழுத்தால் ரி ப நி ரி. மத்யமமும் தைவதமும் எங்கே? இல்லை. வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். கீழ்த் துளைகளைச் சேர்த்து ஊதினால் ஒரு கார்டு, சேர்த்து இழுத்தால் இன்னொரு கார்டு வர வேண்டும். மெட்டுக்குப் பக்கவாத்தியமாக அது முழங்க வேண்டும் என்பது திட்டம். கார்டுக்காக இரண்டு சுரத்தைப் பலி கொடுத்தார்கள்.

ப்ளூஸ்காரர்கள் இந்த வாத்தியத்தை எதிர்ப்பக்கம் திருப்பினார்கள். ஊதும் கார்டை வீடாக வைத்துக்கொள்ளாமல் இழுக்கும் கார்டை வீடாக்கினார்கள். சங்கராபரணத்தின் பஞ்சமத்தை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் என்ன ராகம் வரும்? (அவையிலிருந்து: ஹரிகாம்போதி.) சரியாகச் சொன்னீர்கள். கிரக பேதம். ஒரு கட்டை வாத்தியத்தில் ஐந்து கட்டை, அதாவது ஜி சுருதியில் வாசிக்கிறார்கள். அவர்கள் அதை ‘க்ராஸ் ஹார்ப்’ என்கிறார்கள், ‘இரண்டாம் பொசிஷன்’ என்றும் சொல்வார்கள்.

நாகஸ்வரம், புல்லாங்குழல், கிளாரினெட் எல்லாம் வெளியே விடும் மூச்சில் பேசுகின்றன. இது ஒன்றுதான் உள்ளே போகும் மூச்சில் வீடு கட்டிக்கொண்டு பேசுகிறது. இன்றைக்கு நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். ப்ளூஸ் ஹார்மோனிகா கற்பதில் முக்கால் பங்கு, மூச்சை உள்ளே வாங்கும் பாதையைச் சீராக்குவது. விரலுக்கு வேலை இல்லை. நாக்கு, தொண்டை, வயிறு மூன்றுக்கும்தான் வேலை.

இப்போது புதிய ஷட்ஜத்திலிருந்து ஆரோகணம் போவோம். இரண்டாம் துளையை இழுத்தால் ச. புதிதாகக் கற்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்த முதல் சுரமே தொண்டையடைத்த மாதிரி வரும். சிலர் வாத்தியமே பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொடுக்கக் கிளம்புவார்கள். பழுது வாத்தியத்தில் இல்லை. கன்னத்தை ஒட்டவைத்து உறிஞ்சுகிறோம். நாக்கு மேலே எழும்பிக் காற்றின் வழியை மறிக்கிறது. சுரம் தானாகக் கீழே சரிகிறது. தாடையைத் தளர்த்தி, கொட்டாவி விடப்போகும் வாயாக உள்ளே இடம் விட்டு, வயிற்றிலிருந்து மெல்ல மூச்சு வாங்கினால் ஷட்ஜம் முழுசாக வந்து நிற்கும். (வாசித்துக் காட்டுகிறார்.) ஒரு வாரம் இந்த ஒரு சுரத்தோடு மட்டும் இருந்தாலும் நஷ்டமில்லை.

ச வந்துவிட்டது. அடுத்தது ரி. அதுதான் இல்லை. முன்பு காணாமல் போன தைவதம், கிரக பேதத்துக்குப் பிறகு ரிஷபமாகக் காணாமல் போயிருக்கிறது. இரண்டாவது படியிலேயே ஏணி உடைந்திருக்கிறது. சரளி வரிசை பழகின ஆள் இங்கே திகைத்துப்போவார்.

ஆனால் மூன்றாம் துளையைப் பாருங்கள். ஊதினால் ச, இழுத்தால் அந்தர காந்தாரம். இரண்டு ரீட்டும் ஒரே அறையில் எதிரும் புதிருமாக இருக்கின்றன. இழுத்துக்கொண்டே நாக்கைப் பின்னுக்குச் சரித்து வாய்க்குள் இருக்கும் அறையைப் பெரிதாக்கினால், காந்தார ரீட் மெல்ல அடங்குகிறது. ஷட்ஜ ரீட் இழுக்கும் மூச்சிலேயே பேச ஆரம்பிக்கிறது. சுரம் காந்தாரத்திலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கும். சாதாரண காந்தாரம், சதுச்ருதி ரிஷபம், சுத்த ரிஷபம் மூன்றும் அந்த ஒரே துளைக்குள் இருக்கின்றன. ஷட்ஜத்துக்குச் சற்று மேலே வந்ததும் இறக்கம் நின்றுவிடும், அதற்குக் கீழே போகாது. இதற்குப் பெயர் பெண்டிங். ட்ரெமலோ வகையில் இது நடக்காததற்குக் காரணம் இப்போது புரியும். அங்கே இரண்டு ரீட்டும் சந்திக்க வழியே இல்லை.

எப்படிச் செய்வது? மூச்சை இழுத்துக்கொண்டே ‘ஈ’ என்ற வாயை ‘ஊ’ என்று மாற்றிப் பாருங்கள். உதடு அசையக் கூடாது, நாக்கு மட்டும் நகர வேண்டும். பலம் உதவாது. பலமாக இழுத்தால் ரீட் களைத்துச் சுருதி இறங்கும், சில சமயம் ஒடிந்தும் போகும். முதலில் நாலாம் துளையில் பழகுங்கள். அங்கே பஞ்சமத்திலிருந்து பிரதி மத்யமத்துக்கு அரைச் சுரம்தான் இறக்கம். அது வசப்பட்டபின் இரண்டாம் துளை. மூன்றாம் துளைக்குக் கடைசியில் வாருங்கள். அதில் மூன்று படிகள் இருப்பதால் நினைத்த படியில் நிற்பது கடினம். வாரக்கணக்கில் ஒன்றுமே நடக்காது. ஒரு நாள் திடீரென்று சுரம் வழுக்கும். அன்றைக்கு வீட்டில் உள்ளவர்கள் ‘ஏதோ நாய் அழுகிறது’ என்று ஜன்னலைத் திறந்து பார்த்தால், சரியான பாதையில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இந்த இடத்தில் நம் காதுக்கு ஒரு சலுகை உண்டு. ப்ளூஸில் உயிரான காந்தாரம், அந்தரத்துக்கும் சாதாரணத்துக்கும் நடுவில் ஓரிடத்தில் அசைந்துகொண்டிருக்கும். பியானோவில் அதற்குக் கட்டை கிடையாது. மேற்கத்திய முறையில் படித்தவர்களுக்கு இது பெரிய புதிர். நமக்கு என்ன புதிர்? தோடி காந்தாரத்தை ஒரே இடத்தில் அசையாமல் நிறுத்திக் காட்டச் சொன்னால் எந்த வித்வானும் சிரிப்பார். நாகஸ்வரத்தில் துளைக்குத் துளை நடுவே உள்ள நுண்சுரங்களைச் சீவாளியில் உதட்டழுத்தமும் காற்றழுத்தமும் மாற்றித்தானே எடுக்கிறார்கள்? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் பதிவுகளைக் கேட்டு வளர்ந்த காது, ப்ளூஸ் பெண்டை முதல் தடவை கேட்கும்போதே அடையாளம் கண்டுகொள்ளும்.

ஹார்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940-இல் தடை செய்தது ஞாபகம் இருக்கலாம். 1971 வரை ஏறக்குறைய முப்பது வருஷம் நீடித்த தடை. சொன்ன காரணங்களில் முக்கியமானது, கமகம் பேசாத பெட்டி என்பது. ஹார்மோனியமும் ஹார்மோனிகாவும் ஒரே குடும்பம், இரண்டிலும் அதே ரீட் தத்துவம்தான். பெட்டிக்குத் துருத்தி காற்றுக் கொடுக்கிறது. துருத்திக்கு நாக்கு கிடையாது. ஹார்மோனிகாவுக்கு மனிதனின் வாயே காற்றறை. கமகம் அங்கிருந்து வருகிறது.

சலுகையைச் சொன்னேன். சிரமத்தையும் சொல்ல வேண்டும். நாம் ஒரே ஷட்ஜத்தில் தம்புராவோடு நின்று பழகியவர்கள். ப்ளூஸில் பன்னிரண்டு பாருக்கு ஒரு சுற்று. சுற்றுக்குள் கார்டு மாறிக்கொண்டே இருக்கும். நம்மவர்கள் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் தொலைந்துபோவது இங்கேதான். இதற்குக் கையில் தாளம் போடுவதுதான் மருந்து. பாருக்கு நாலு அட்சரம், பன்னிரண்டு பாருக்கு 48. ஆதி தாளம் ஆறு ஆவர்த்தனம். கணக்கு எவ்வளவு அழகாக உட்காருகிறது பாருங்கள். முதல் இரண்டு ஆவர்த்தனம் ஷட்ஜ கார்டு: இழுங்கள். மூன்றாவது மத்யம கார்டு: ஊதுங்கள். நாலாவது மறுபடி ஷட்ஜம்: இழுங்கள். ஐந்தாவதில் லகு முழுக்கப் பஞ்சமம், ஒன்றாம் துளையிலோ நாலாம் துளையிலோ இழுக்கலாம். இரண்டு துருதத்துக்கும் மத்யமம், ஊதுங்கள். ஆறாவது ஷட்ஜம், வீடு. (தாளம் போட்டுக்கொண்டே வாசித்துக் காட்டுகிறார்.) நடை திஸ்ரம். ஒவ்வொரு அடிக்கும் ‘தகிட’ சொல்லி, நடு எழுத்தை விழுங்கிவிடுங்கள். ‘ஷஃபிள்’ என்று அவர்கள் சொல்வது அதைத்தான்.

இந்தக் கணக்கில் இழுப்பது அதிகம், ஊதுவது குறைவு. அதனால் கொஞ்ச நேரத்தில் நெஞ்சு காற்றால் நிறைந்து முட்டும். ஊத வேண்டிய இடம் வரும்போது தாராளமாக வெளியே விட்டுவிடுங்கள். இடைவெளி கிடைத்தால் மூக்கு வழியாகவும் விடலாம். இதைப் பழக ஆகச் சிறந்த பயிற்சி ரயில். முதல் நாலு துளைகளைச் சேர்த்துப் பிடித்து, இரண்டு தடவை இழுத்து இரண்டு தடவை ஊதுங்கள். மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டுங்கள். (வாசித்துக் காட்டுகிறார். கைதட்டல்.) பழைய நீராவி எஞ்சின் வந்துவிட்டது.

இதில் பேர் பெற்றவர் டிஃபோர்ட் பெய்லி. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துக்காரர். சிறு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடந்தபோது ஹார்மோனிகா பழகினார். 1927-இல் அவர் பதிவு செய்த ‘பான் அமெரிக்கன் ப்ளூஸ்’ முழுக்க ஒரு ரயில்தான். அதே ஆண்டு டிசம்பரில் அவர் வானொலியில் ரயில் ஓட்டி முடித்ததும், அறிவிப்பாளர் வேடிக்கையாகச் சொன்ன பெயர்தான் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்ற புகழ்பெற்ற நிகழ்ச்சிக்கு நிலைத்தது. அந்தக் கறுப்பினக் கலைஞரை 1941-இல் அந்த நிகழ்ச்சியிலிருந்தே நீக்கினார்கள். அதன்பின் காலணிக்குப் பாலிஷ் போடும் கடை வைத்துப் பிழைத்தார். 1982-இல் காலமானார். கன்ட்ரி இசைக்கான புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தது 2005-இல்.

ஜீவனஹள்ளிக்காரர்களுக்கு ரயில் சத்தம் புதிதல்ல. கண்டோன்மென்டிலிருந்து கிழக்கு ஸ்டேஷன் வழியாக நம் பக்கத்தில் ஓடும் இந்தத் தடம் 1864-இல் ஜோலார்பேட்டைவரை திறக்கப்பட்டது. பட்டாளத்தை நம்பியும் மில்லை நம்பியும் தமிழ் பேசும் குடும்பங்கள் இந்தப் பக்கம் வந்து குடியேறின. அதே தடத்தில் பங்காருப்பேட்டையில் ஒரு கிளை பிரிந்து மாரிக்குப்பம் போகிறது. கோலார் தங்கச் சுரங்கத்தை 2001-இல் மூடிய பிறகு, அங்கே வேலை பார்த்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் விடியற்காலையில் ரயிலேறி பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இரவு வீடு திரும்புகிறார்கள். அமெரிக்காவிலும் ஒரு ரயில் கதை உண்டு. மிசிசிப்பியில் பருத்திக்காட்டை விட்டு ரயிலேறியவர்கள் சிகாகோவில் இறங்கினார்கள். கிராமத்து ப்ளூஸ் அங்கே நகரத்து ப்ளூஸ் ஆயிற்று. லூசியானாவிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த லிட்டில் வால்ட்டர், ஹார்மோனிகாவையும் மைக்கையும் சேர்த்துக் கைகளுக்குள் பொத்தி ஆம்ப்ளிஃபயரில் விட்டார். 1952-இல் வந்த அவருடைய ‘ஜூக்’, பாட்டே இல்லாத ஹார்மோனிகா இசை, அமெரிக்க ஆர் அண்ட் பி பட்டியலில் முதலிடம் பிடித்தது. அவர்கள் பட்டதும் நாம் பட்டதும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அடிமைத்தனத்தின் வரலாறு வேறு. ஆனால் வேலை தேடி ரயிலேறிய குடும்பத்தில் பிறந்தவருக்கு இந்த இசையின் பாடுபொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. நம் ஊரிலும் ப்ளூஸ் அந்நியமில்லை. பீட்டர் ஐசக்கின் ‘க்ரானிக் ப்ளூஸ் சர்க்கஸ்’ குழுவைப் பல வருஷமாக பெங்களூர் மேடைகளில் கேட்டிருக்கிறோம்.

இனி சில நடைமுறை விஷயங்கள். வாசிக்கும் முன் வாயைக் கொப்பளியுங்கள். ரம்ஜான் மாதத்தில் மாஸ்க் ரோட்டில் சமோசா சாப்பிட்ட கையோடு வாசிக்க உட்காராதீர்கள். ஒரு துணுக்கு ரீட்டில் சிக்கினால் அந்தச் சுரம் ஊமை. முடித்ததும் துளைகள் கீழே பார்க்கும்படி உள்ளங்கையில் தட்டி ஈரத்தை வெளியேற்றுங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் வாசிக்கிறோம். இரண்டு கையாலும் பொத்தி, மெல்ல மூச்சு விட்டுப் பழகினால் அக்கம்பக்கத்துக்கும் நிம்மதி, ரீட்டுக்கும் ஆயுசு. மெதுவாக வாசித்து வராத பெண்ட் சத்தமாக வாசித்தாலும் வராது.

பின்வரிசையில் ஒரு அம்மா கேட்டார்: “இந்த வயசில் ஆரம்பிக்கலாமா?” தாராளமாக ஆரம்பிக்கலாம், அம்மா. வீணைக்கு விரல் காய்க்க வேண்டும், வயலினுக்குத் தோள் பழக வேண்டும். இதற்கு வேண்டியது பொறுமையான மூச்சு. ஆஸ்துமாவோ இதய நோயோ இருப்பவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தலை சுற்றினால் உடனே நிறுத்திவிடுங்கள். பாட்டுத் தெரிந்தவர்களுக்கு இன்னும் சுலபம். எந்த இடத்துக்குச் சுரம் இறங்க வேண்டும் என்பதை முதலில் வாயால் பாடிவிட்டு, பிறகு வாத்தியத்தில் தேடுங்கள். காதில் விழாத சுரத்தை நாக்கு கண்டுபிடிக்காது.

கடைசியாக ஒன்று. இதை அறையைச் சாத்திக்கொண்டு தனியாகவே வாசித்துக்கொண்டிருக்காதீர்கள். ப்ளூஸ் என்பது ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்லும் இசை. பாடகர் ஒரு வரி பாடி விட்ட இடைவெளியில் ஹார்மோனிகா பதில் பேசும். ஆறு ஆவர்த்தனமும் தொலையாமல் சுற்றி வரத் தெரிந்தவுடன் கூட்டு தேடுங்கள். காக்ஸ் டவுன், குக் டவுன், லிங்கராஜபுரம் பக்கம் கிடார் இல்லாத தெரு அபூர்வம். மாலையில் போய்க் கதவைத் தட்டி, “ஒரு ப்ளூஸ் வாசிக்கலாமா?” என்று கேளுங்கள். “எந்தச் சுருதி?” என்று அவர் கேட்பார். உங்கள் கையில் இருக்கும் வாத்தியத்தின் மேல் சி என்று பொறித்திருக்கும். நீங்கள் ஜி என்று சொல்லுங்கள்.